ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நன்கொடைக்காகச் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீநகரில் கிளம்பி, தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துக் கன்னியாகுமரி வந்து சேர ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ பணம் திரட்டுவதற்காக இதை ஓட்ட நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். எல்லாப் பதிலுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இன்று செய்ததை நாளைக் காலையிலும் செய்ய முடியுமா?

நான் விளையாட்டு ஆள் இல்லை. ஆபீஸ், வீடு என்று இருப்பவன். என்னால் முடியுமா?

முடியும், ஆனால் அடுத்த வாரம் அல்ல. தட்டையான சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது பெரிய வேகம் கிடையாது. அந்த வேகத்தில் ஐந்து மணி நேரம் மிதித்தால் 90 கிலோமீட்டர். கஷ்டம் அந்த ஐந்து மணி நேரத்தில் இல்லை, அதை ஆறு வாரம் விடாமல் செய்வதில் இருக்கிறது. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பவரைவிட, தினமும் 80 ஓட்டிவிட்டு சாயங்காலம் துணி துவைக்கத் தெம்போடு இருப்பவர்தான் ஊர் போய்ச் சேருவார்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஈசிஜி எடுத்துப் பயனில்லை.

மொத்தம் எத்தனை நாள் விடுப்பு வேண்டும்?

சராசரி 90 கிலோமீட்டர் என்றால் 41 நாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, மழைக்கும் ரிப்பேருக்கும் காய்ச்சலுக்கும் நான்கைந்து நாள். ஆக ஏழு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே. முப்பதே நாளில் முடிப்பேன் என்று போஸ்டர் அடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. போஸ்டரில் தேதி போட்டாகிவிட்டதே என்று முழங்கால் வீங்கியும் ஓட்டுவார்கள். தேதி போடாதீர்கள், மாதம் போடுங்கள்.

எந்த மாதம் நல்லது? வடக்கிலிருந்தா, தெற்கிலிருந்தா?

என் வாக்கு வடக்கிலிருந்து வருவதற்கு. செப்டம்பர் கடைசி வாரம் ஸ்ரீநகரில் கிளம்பலாம். காஷ்மீரில் குளிர் தாங்கும் அளவில்தான் இருக்கும், மழைக்காலமும் ஓய்ந்திருக்கும். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோலைக் கொளுத்தும் புகை அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான் உச்சத்துக்குப் போகும். அதற்குள் டெல்லியைத் தாண்டிவிட வேண்டும். அக்டோபருக்குப் பிறகு நாட்டின் பெரும்பகுதியில் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே இறங்குகிறவருக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல. எதிர்க்காற்றில் ஒரு நாள் முழுக்க மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலை ஒன்று உண்டு: தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது வடகிழக்குப் பருவமழை நம்மை வரவேற்கும். நனைந்துகொண்டே ஓட்டலாம், சொந்த ஊர் மழைதானே. புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் லாட்ஜை விட்டு அசையாதீர்கள்.

தெற்கிலிருந்து கிளம்பியே தீர வேண்டும் என்றால் பொங்கல் முடிந்த கையோடு கிளம்புங்கள். மார்ச் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தால் வெயில் வாட்டும். டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவிலிருந்து அம்பாலா வரை விழும் மூடுபனியில் பத்தடி தூரத்தில் நிற்கும் லாரிகூடத் தெரியாது. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

பயிற்சியை எப்படித் தொடங்குவது?

நான்கு மாதம் கையில் இருக்கட்டும். வார நாளில் மூன்று முறை, ஒரு மணி நேரம். ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம்: 40-இல் தொடங்கி வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி 100 வரை. நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள், உடம்பு அந்த ஓய்வில்தான் தேறும்.

மூன்றாவது மாதத்திலிருந்து சனியும் ஞாயிறும் சேர்த்து ஓட்ட வேண்டும். சனிக்கிழமை 80 ஓட்டிவிட்டு, ஞாயிறு காலை ஐந்தரைக்கு அதே கடுத்த கால்களோடு மறுபடி ஏறி 80. நெடும்பயணத்தின் இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியும். முதுகில் எங்கே பிடிக்கிறது, எந்த விரல் மரத்துப்போகிறது, எந்தச் சட்டை அக்குளில் உரசுகிறது என்பதெல்லாம் அப்போது வெளியே வரும்.

ஏற்றத்துக்கு ஏலகிரி நல்லது. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். மூச்சு வாங்கும்போது படிக்க ஏதாவது வேண்டுமே! அது பழகினவர்களுக்குக் கொல்லிமலையில் 70 வளைவுகள் இருக்கின்றன.

ஒரு இலக்கு இருந்தால்தான் ஓட்டுவேன் என்கிறவர்கள் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பின் கீழ் நடக்கும் 200 கிலோமீட்டர் ‘பிரெவே’ ஒன்றில் கலந்துகொள்ளலாம். பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். பந்தயம் கிடையாது, நேரத்துக்குள் முடித்தால் போதும்.

என்ன சைக்கிள் வாங்குவது? லட்ச ரூபாய் வண்டி வேண்டுமா?

வேண்டாம். ரேஸ் வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவான, கியர் உள்ள சாதாரண ஹைப்ரிட் போதும். பார்க்க வேண்டியது மூன்று: உங்கள் உயரத்துக்குச் சரியான ஃபிரேம், பின்னால் கேரியர் பொருத்த ஓட்டை, 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். மெல்லிய ரேஸ் டயர் நெடுஞ்சாலை ஓரத்துக்கு ஒத்துவராது.

வால்வைப் பற்றி யாரும் சொல்வதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பெட்ரோல் பங்க் காற்றுக் குழாய் அதில் உட்காராது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும், அதை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். அதேபோல ஹைப்ரிட் வண்டிகளில் வரும் 700சி அளவு டயர் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். சின்ன ஊர்க் கடையில் தொங்கும் 28 அங்குல டயர் பால்கார வண்டிக்கானது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உங்கள் ரிம்முக்குப் பொருந்தாது. ஒரு டயரை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ட்யூப் மூன்று.

பஞ்சர் ஒட்டக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டுமா? கடைகள்தான் இருக்கின்றனவே?

கட்டாயம் தெரிய வேண்டும். பஞ்சர் கடை இருக்கும், நீங்கள் நிற்கிற இடத்தில் இருக்காது.

இந்தச் சாலையில் ஆணியைவிட அதிகம் தொல்லை கொடுப்பது லாரி டயர் கம்பி. வெடித்த டயரின் துண்டுகள் ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும். அவற்றுக்குள் இருக்கும் எஃகு இழை தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன், அரை அங்குல நீளம், துருப்பிடித்த நிறம். டயரில் குத்தி உள்ளே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூபை மாற்றி, காற்றடித்து ஏறி உட்கார்ந்தால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். நிறையப் பேர் ட்யூபைக் குறை சொல்வார்கள். ட்யூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்விலிருந்து அதன் தூரத்தை டயரில் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் டயரின் உட்புறம் ஒரு துணியை மெதுவாக இழுத்தால் நூல் மாட்டும். கையால் தடவினால் விரலைக் கிழிக்கும். சின்னக் குறடு ஒன்று இருந்தால் இழுத்துவிடலாம்.

இதை வீட்டில் உட்கார்ந்து, விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் செய்து பழகுங்கள். பின்சக்கரத்தை. முன்சக்கரம் யாருக்கும் வரும்.

உட்காருகிற இடம் புண்ணாகிவிடுகிறது. என்ன செய்வது?

பாதியில் திரும்புகிறவர்களில் பலரும் கால் வலியால் திரும்புவதில்லை, இதனால்தான். வெட்கப்படாமல் பேச வேண்டிய விஷயம். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல்தான் உரசும். கால்சட்டை மூன்று வேண்டும், தினமும் சோப்புப் போட்டு அலசி நன்றாகக் காய வேண்டும். ஓட்டி முடித்ததும் அதே ஈரத்தோடு டீக்கடையில் அரை மணி உட்காராதீர்கள். பஞ்சு நிறைய வைத்த மெத்து சீட் கடையில் சுகமாக இருக்கும், மூன்றாம் மணி நேரத்தில் அதுதான் எதிரி. கொஞ்சம் கெட்டியான, உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்கு ஏற்ற சீட்டுக்குப் பயிற்சிக் காலத்திலேயே பழகுங்கள்.

முழங்கால் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். அரை சென்டிமீட்டர் மாற்றிப் பாருங்கள், ஒரேயடியாக இரண்டு அங்குலம் ஏற்றாதீர்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுப் பக்கம் வரும்படி மிதித்தால் முழங்கால் பிழைக்கும்.

காஷ்மீர்ப் பகுதி பயமாக இருக்கிறது. என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜம்மு வரையிலான மலைப்பாதையை நான்கைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காஸிகுண்ட் – பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், செனானி – நஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர். இவற்றுக்குள் சைக்கிளை விடும் யோசனையே வேண்டாம், புகையும் லாரியும் போதும் போதும் என்றாகிவிடும். வாயிலில் பிக்கப் வண்டி பிடித்து ஏற்றிச் செல்லுங்கள். ஒரு அடி விடாமல் மிதித்தே தீருவேன் என்கிறவர்களுக்கு செனானி பக்கம் பட்னிடாப் வழியாகப் பழைய சாலை இருக்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும், அழகுக்குக் குறைவில்லை.

ராம்பன் பக்கம் மழை பெய்தால் மலைச்சரிவு, கல் விழுவது, சாலை மூடல் எல்லாம் சகஜம். காலையில் போக்குவரத்துப் போலீஸின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ராணுவ வண்டி வரிசை வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுங்கள், கேமராவை எடுக்காதீர்கள்.

இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே வீட்டில் பதறிப்போவார்கள்.

ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது ஆபத்தில்லையா?

ஆபத்துதான், குறைக்கலாம். நேராகப் போகும் லாரியைவிட நம்மைப் பதம் பார்ப்பது வேறு சில: ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் பைக், விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர், மேம்பாலம் முடிந்து சர்வீஸ் ரோடு வந்து சேருமிடம். சேருமிடத்தில் இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கைப்பிடியில் கண்ணாடி ஒன்று மாட்டுங்கள். பின்விளக்கு பகலிலும் எரியட்டும். ஊர் வரும் இடங்களில் மேம்பாலத்தில் ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் இறங்குங்கள், டீயும் கிடைக்கும்.

இருட்டியபின் ஓட்டக் கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. குறிப்பாக மத்தியப் பிரதேசத்தில் சிவனிக்கும் மகாராஷ்டிரத்தில் நாக்பூருக்கும் நடுவே சாலை பெஞ்ச் புலிக்காட்டை ஒட்டிப் போகிறது. விலங்குகள் கடக்க 750 மீட்டர் நீளம் வரை சாலையையே தூண்களில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பகல் பத்து மணிக்கு அந்தக் காடு வழியாகப் போவது இந்தப் பயணத்தின் மிக நல்ல இரண்டு மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே உங்களுக்கு வேலையில்லை.

நம்மூருக்கு வந்தபின் அசட்டையாக இருக்காதீர்கள். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும் லாரிகளின் கருகல் வாசனை முன்கூட்டியே மூக்கில் ஏறும். வாசனை வந்தால் ஓரம் கட்டுங்கள், அந்த லாரி போகட்டும். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் மதிப்பெண் போடவில்லை.

எண்கள் மூன்று: அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. விபத்துக் காப்பீடு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது சேர்ந்திருக்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர்?

பசிக்கும் முன் சாப்பிடுங்கள். ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை, ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். (கோவில்பட்டி வழியாகத்தான் சாலை போகிறது, ஆனால் அது பயணத்தின் கடைசியில். ஊரிலிருந்தே ஒரு டப்பா கொண்டுபோங்கள்.) தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைசுற்றும், நாளுக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் போடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், அளவை மாற்றாதீர்கள்.

பஞ்சாபில் பராத்தா, சாகர் பக்கம் காலையில் போஹாவும் ஜிலேபியும், ஆந்திராவுக்குள் வந்துவிட்டால் இட்லி. தாபாவில் அப்போது சமைத்துச் சூடாக இறக்குவதைச் சாப்பிட்டால் வயிறு கெடுவது அபூர்வம். வெட்டிவைத்த பழம், வெளியே வைத்த சட்னி, ஐஸ் போட்ட கரும்புச்சாறு மூன்றும் வேண்டாம்.

எங்கே தங்குவது? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு ஒரு ஊரில் லாட்ஜ் இருக்கும். இருவர் அறையைப் பகிர்ந்தால் தங்கலும் சாப்பாடுமாக ஆளுக்கு 1,500 ரூபாய் கணக்கு வையுங்கள், மிச்சமானால் சந்தோஷம். பஞ்சாப், ஹரியானாவில் குருத்வாராக்களில் கேட்டுப் பாருங்கள். தலையில் துணி கட்டி, செருப்பைக் கழற்றி, அங்கிருப்பவரிடம் பயணத்தைச் சொன்னால் பெரும்பாலும் இடம் தருவார்கள். லங்கர் என்கிற பொதுப் பந்தியில் சாப்பாடும் உண்டு. சாப்பிட்டபின் பாத்திரம் கழுவ உட்காருங்கள், அதுதான் அங்கத்திய மரியாதை. ஆதார் அட்டையின் நகல் பத்துப் பிரதி பையில் இருக்கட்டும்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போயிருக்கிறார்கள், போகிறார்கள். முதல் தடவை என்றால் இன்னொருவரோடு போங்கள், ஆண்களுக்கும் இதே யோசனைதான். நடைமுறையில் பெரிய சிக்கல் கழிப்பறை. பெட்ரோல் பங்க்குகளில் பெரிய கம்பெனி பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது பலரும் செய்வது, சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். இன்றிரவு எந்த ஊரில் தங்கல் என்பதை சமூக ஊடகத்தில் முன்கூட்டிப் போடாதீர்கள். போய்வந்த ஊரை மறுநாள் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் லைவ் லொகேஷன்.

நன்கொடையை என் ஜிபே எண்ணில் வாங்கலாமா?

கூடாது. நல்ல மனதோடு செய்தாலும் கூடாது. உங்கள் கணக்கில் வந்த பணம் உங்கள் பணம் போலத்தான் தெரியும். பின்னால் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. பணம் போய்ச் சேரும் அறக்கட்டளையிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர்களுடைய வங்கிக் கணக்கு, அவர்களுடைய கியூஆர், அவர்களுடைய ரசீது. உங்கள் பயணத்தின் பெயரைக் குறிப்பில் போடச் சொன்னால் எவ்வளவு வந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நன்கொடைக்கு வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) வேண்டும் என்கிறவர்கள் பான் எண் தர வேண்டும். அறக்கட்டளை அதற்கான சான்றிதழ் கொடுக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை, இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்கும் விதத்தில் எனக்குப் பிடித்தது ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’. மொத்தம் 3,700 ரூபாய், முடியாதவர் பத்துப் பைசா என்று வைத்து 370 தருவார். ‘ஏழைக் குழந்தைகளுக்காக’ என்று பொதுவாகக் கேட்டால் கைகள் பையை விட்டு வெளியே வராது. ‘இந்த மருத்துவமனையில், இந்தச் சிகிச்சைக்கு’ என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா, அத்தை எல்லாம் தருவார்களே?

கையில் என்ன பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அங்கே வேலை பார்த்தாலும், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, பிரிட்டன், சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில் மட்டுமே வாங்க முடியும். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் மாற்றிக் கொடுப்பது சட்டச் சிக்கல்.

என் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். லாட்ஜ், சாப்பாடு, ரயில், டயர் எல்லாம் உங்கள் கைப்பணம், அல்லது ‘பயணச் செலவுக்கு’ என்று வெளிப்படையாகச் சொல்லி நண்பர்களிடமோ கம்பெனியிடமோ தனியாக வாங்கியது. ஏழு வாரச் செலவு எழுபதாயிரம், திரண்ட பணம் ஐம்பதாயிரம் என்று ஆனால் சைக்கிளே வேண்டாம், எழுபதாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இந்தக் கணக்கை கிளம்புவதற்கு முன் நேர்மையாகப் போட்டுப் பாருங்கள். சிலருக்கு விடை ‘சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போதும்’ என்று வரும். அதுவும் நல்ல பயணமே.

பாதியில் நிறுத்த வேண்டி வந்தால்?

எலும்பு முறியலாம், வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போகலாம். ‘ஓட்டி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் நன்கொடை அறக்கட்டளைக்கே’ என்று முதல் அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கட்டும். அது இருந்தால் 39 டிகிரிக் காய்ச்சலோடு ஜான்சியில் சைக்கிள் ஏற மாட்டீர்கள்.

சைக்கிளை ஸ்ரீநகருக்கு எப்படிக் கொண்டுபோவது?

ரயிலில் பார்சலாக. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் உண்டு, மூன்று நாளாகும். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்துக்கு அட்டை வைத்து, கடையில் கேட்டால் கிடைக்கும் பழைய சைக்கிள் பெட்டியில் கட்டுங்கள். பெட்டியில் இரண்டு பக்கமும் பெயர், செல் எண். பார்சல் அதே வண்டியில் ஏறிவிட்டதா என்று பிளாட்ஃபாரத்தில் நின்று கண்ணால் பாருங்கள். அங்கிருந்து ஸ்ரீநகர் வரை டாக்சி அல்லது பஸ் கூரை.

முடித்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

இரண்டு வாரத்துக்குள் கணக்கு. மொத்தம் எவ்வளவு வந்தது, எத்தனை பேர், அறக்கட்டளை அதை எதற்குச் செலவழிக்கப்போகிறது என்று அவர்களுடைய கடிதத்தோடு எல்லோருக்கும் அனுப்புங்கள். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் அதே கடிதம். பயணச் செலவை யாராவது ஏற்றிருந்தால் அதற்குத் தனிக் கணக்கு, மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ரசீது வரவில்லை என்று ஒருவர் கேட்டால் அதை வாங்கித் தரும் பொறுப்பும் உங்களுடையதுதான். பிறகு செயினை மாற்றுங்கள், 3,700 கிலோமீட்டர் ஓடிய செயின் தேய்ந்திருக்கும்.